சந்துக்குள் ராணிகள்

ஃபுஷிமி, கியோட்டோ
2012 மே 20

திருமதி ஒகுரி அவர்களுக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன். இங்கே இப்போது எறும்புப் பருவம். போன வருஷமும் இதேதான். சப்போரோ குளிருக்கு இந்த எறும்பு அண்டாது என்கிறார்கள். கொடுத்துவைத்தவர் நீங்கள்.

ஒன்றரை வருஷமாக ஒரு வார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, பக்கத்து வீட்டு ஹமுரோ சிசுரு திடீரென்று ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காரியம் ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. ஒசாகாவிலிருந்து இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும் வரவில்லை.

மிஹோ உண்டாகியிருக்கிறாள். தலைப்பிரசவம், நவம்பரில் நாள் சொல்லியிருக்கிறார்கள். அக்டோபரிலேயே இங்கே வந்து, பெற்றெடுத்து, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போக வேண்டும். அதுதானே முறை. ஆனால் மார்ச்சில் இரண்டு நாள் தங்க வந்தவள், தலையணை முழுக்க எறும்பு ஊர்வதைப் பார்த்துவிட்டு மறுநாள் முதல் ரயிலில் நகோயாவுக்குத் திரும்பிவிட்டாள். அவள் மாமியார் போன் செய்து, “அந்த வீட்டுக்கா பச்சப்புள்ளைய அனுப்புறது?” என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. எனக்கே வாய் அடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் பத்தாம் தேதி தெரு முழுக்க ஒரே நேரத்தில் மருந்து வைக்கப்போகிறோம். வட்டார அலுவலகத்திலிருந்து மகிஷிமா என்று ஒரு இளைஞர் வந்து விளக்கினார். கப்பலில் வந்த எறும்பாம். நம் ஊர் எறும்பு பக்கத்துப் புற்று எறும்பைக் கண்டால் கடித்துக் குதறும். இவை சண்டையே போடுவதில்லை. வாய்க்காலிலிருந்து மலைப்பாதை வரைக்கும் ஒரே குடும்பம், அதில் ஆயிரம் ராணிகள். ஒரு வீட்டில் அடித்தால் அடுத்த வீட்டில் போய் உட்காரும். அதனால் எல்லா வீட்டிலும் ஒன்றாக வைத்தால்தான் பலன் உண்டு. தெரு நடுவில் பூட்டிக் கிடப்பது உங்கள் வீடு ஒன்றுதான்.

சாவியை அனுப்புங்கள்.

ஹமுரோ சிசுரு


சப்போரோ
ஜூன் 3

மதிப்பிற்குரிய ஹமுரோ அவர்களுக்கு,

இங்கே இளவேனில் இப்போதுதான் வந்திருக்கிறது. மகன் வீடு பதினோராவது மாடி. மண்ணே கண்ணில் படாது, எறும்பு எங்கிருந்து வரும்? மிஹோவின் செய்தி கேட்டு மனம் குளிர்ந்தது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தெருவெல்லாம் நடந்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் வெளிப்படையான பேச்சு நம் தெருவுக்கே ஒரு வரம். அன்று தெருச் சங்கக் கூட்டத்திலும் அப்படித்தான் எழுந்து நின்று, “எறும்பு ஒகுரி வீட்லேர்ந்துதான் வருது” என்று வெளிப்படையாகச் சொன்னீர்கள். என் கணவர் போய் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம்கூட அப்போது ஆகவில்லை. அவர் படத்துக்கு முன்னால் வைக்கும் சோற்றில் எறும்பு மொய்க்கும். துக்கம் விசாரிக்க வருபவர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்று வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கிண்ணத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும், “உங்க வீட்டு எறும்புங்க என்ன சுறுசுறுப்பு, பாக்கவே ஆசையா இருக்கு” என்று பாராட்டினார்கள். நம் ஊரில் அப்படிப் பாராட்டினால் என்ன அர்த்தம் என்று முப்பத்தைந்து வருஷத்தில் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கே சப்போரோவில் மனிதர்கள் திட்டினால் திட்டு, பாராட்டினால் பாராட்டு. பழகிக்கொண்டுவிட்டேன்.

உங்கள் சுவரோரமாக நீங்கள் வெள்ளைப் பொடியைக் கோடு போட்டதுபோலத் தூவியதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் வழியில்லை என்றால் அவை எந்தப் பக்கம் போகும்? எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக அனுப்பிவைத்தவர் யார் என்று நான் கூட்டத்தில் எழுந்து கேட்கவில்லை. எனக்கு அப்படிப் பேச வராது.

சாவி பத்திரமாக இருக்கிறது. என்னிடமே இருக்கட்டும்.

ஒகுரி சுமியே

பின்குறிப்பு: கொல்லையில் சீமைப்பனிச்சை மரம் பூ விட்டதா? சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால் தெரியும்.


ஃபுஷிமி
ஜூன் 19

திருமதி ஒகுரி அவர்களுக்கு,

மரம் பூத்தது, உதிர்ந்தது, பிஞ்சும் விட்டது. கிளையெல்லாம் எறும்பு. பேன் மாதிரி ஒரு பூச்சியை மேய்த்துக்கொண்டு ஏறி இறங்குகின்றன.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் பொடி டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படித்துப் பார்த்தேன். ‘விரட்டும்’ என்றுதான் போட்டிருக்கிறது. எங்கே விரட்டும் என்று போடவில்லை.

சாவி வராததால் உங்கள் வீட்டை விட்டுவிட்டு மருந்து வைத்தோம். தோற்றுப்போனோம். ஆனால் உங்கள்மேல் பழி போட முடியாதபடி தோற்றோம், அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் எல்லா வீட்டுக்காரர்களும் வெளியே வந்து, தேன் மாதிரி இருக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சுவரோரம் வைத்தோம். மெல்லக் கொல்லும் விஷம். எறும்பு அதைத் தின்று, சுமந்துபோய் ராணிக்கும் ஊட்ட வேண்டும், அதற்கு மூன்று நாளாகும் என்று மகிஷிமா படித்துப் படித்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வந்து பார்த்தால் தெரு பளபளவென்று இருக்கிறது. ஒரு சொட்டு மருந்து இல்லை. விடிந்ததும் எல்லாரும் துடைப்பத்தை எடுத்துத் தம் வாசலைப் பெருக்கி, பக்கத்து வீட்டு எல்லையில் ஒரு சாண் சேர்த்துப் பெருக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். ஏன் மறைக்க வேண்டும், நானும்தான். கை தானாகப் போய்விட்டது. நாங்கள் வைத்ததை நாங்களே கழுவி ஊற்றினோம்.

பாவம், அந்தப் பிள்ளை நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். சங்கத் தலைவர் கிசு அவரைச் சமாதானப்படுத்துகிறாராம்: “தம்பி, நீங்க வர்றீங்கன்னு சொன்னீங்க. வர்ற ஆளுக்கு வாசல் சுத்தமா இருக்க வேணாமா?”

இனி செப்டம்பரில்தான் மறுபடி. அதற்குள் மிஹோ முடிவு எடுத்துவிடுவாள் என்று பயமாக இருக்கிறது.

சிசுரு


சப்போரோ
ஜூலை 8

ஹமுரோ அவர்களுக்கு,

கிசு சொன்னதைப் படித்ததும் என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்தேன். மருமகள் சமையலறையிலிருந்து ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். நல்ல பெண். நான் சிரித்து அவள் கேட்டதே இல்லை, அதனால் மூச்சுத் திணறல் என்று நினைத்துவிட்டாள்.

விளக்கிச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு சாண் மட்டும் ஏன் பெருக்க வேண்டும், முழுக்கப் பெருக்கினால் என்ன என்கிறாள். முழுக்கப் பெருக்கினால் ‘உன் வாசல் குப்பை’ என்று குத்திக்காட்டுவதாகும், பெருக்காமலே விட்டால் கஞ்சத்தனம் என்றேன். “அத்தை, உங்க ஊர்ல மூச்சு விடறதுக்கும் அளவு உண்டா?” என்று கேட்டாள்.

அவள் கேட்ட பிறகு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்று இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துவிட்டேன்.

உங்கள் சுவருக்கும் என் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான் அகலம். தெருப்பக்கம் செங்கல் வைத்து அடைத்தது, கொல்லைப்பக்கம் பலகை அடித்தது. அது உங்களுடையது என்று நான் தொடவில்லை, என்னுடையது என்று நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். மாடியில் துணி உலர்த்தும்போது பார்த்திருக்கிறேன். எறும்புச் சாரை உங்கள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கும் போகவில்லை, என் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கும் போகவில்லை. இரண்டும் அந்தச் சந்துக்குள்தான் இறங்கும்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்தச் சந்துக்குள் குனிந்து பார்த்தால் உங்கள் குளியலறை ஜன்னல் தெரியும். நான் எட்டிப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

பலகை என் கொல்லைப் பக்கத்திலிருந்து ஆணி அடித்தது. கதவைத் திறக்காமல் அதைக் கழற்ற முடியாது. சாவியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தெருவில் என் வீட்டுக் கதவு திறப்பதை எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுமியே


ஃபுஷிமி
ஆகஸ்ட் 12

சுமியே அக்கா,

அக்கா என்று எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப் போவதில்லை. முன்பு அப்படித்தானே கூப்பிட்டேன்.

நாளை முன்னோர்கள் வீட்டுக்கு வரும் நாள். உங்கள் வாசலிலும் ஒரு விளக்கு வைப்பேன். உங்கள் வீட்டுக்காரர் இருட்டில் தடுமாறக் கூடாது.

போன வாரம் மிஹோ போன் செய்தாள். நகோயாவிலேயே ஆஸ்பத்திரி பார்த்துவிட்டார்களாம். மாமியார் வீட்டில் அறைகூடத் தயார் செய்துவிட்டார்களாம். “வரமாட்டேன்னு சொல்லலம்மா, செப்டம்பர்ல என்ன ஆகுதுன்னு பாக்கலாம்” என்றாள். அவள் அழவில்லை. நான்தான் போனை வைத்துவிட்டு அழுதேன். அவள் அப்பா போன பிறகு ஒற்றைப் பெண்ணாக வளர்த்தேன். பெற்ற பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டி வர முடியாத வீட்டில் நான் எதற்கு இருக்க வேண்டும்? வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம் அக்கா. அந்தக் குழந்தை இந்த வீட்டுப் பாயில் படுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்த ஆத்திரத்தோடேயே நேற்றுச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். மகிஷிமா வீடு வீடாக விசாரித்தபோது உள்ளே எறும்பு இல்லை, வாசலில் மட்டும் கொஞ்சம் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்களாம். அவர் அதை நம்பி வாசலுக்கு மட்டும் மருந்து கணக்குப் போட்டிருக்கிறார். நான் எழுந்தேன். என்னைப் பார்த்ததும் கிசு கண்ணை மூடிக்கொண்டார், இவள் இன்று யார் பெயரைச் சொல்லப்போகிறாளோ என்று.

“எங்க வீட்ல இருக்கு. அரிசி டப்பால இருக்கு, படுக்கைல இருக்கு. இன்னிக்குக் காலைல என் பல்செட் ஊறப்போட்ட டம்ளர்ல இருந்துச்சு” என்றேன்.

பல்செட் வைத்திருப்பது தெருவில் யாருக்கும் தெரியாது. இனி தெரியும்.

பிறகு கிசுவின் மனைவி, “எங்க வீட்லயும் இருக்கு. மூணு வருஷமா இருக்கு” என்றார். கிசு அவரைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து முடிதிருத்தும் கடைக்காரர். அடுத்து மூலை வீடு. அப்புறம் ஒருவர் பேச ஒருவர் காத்திருக்கவில்லை, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இரைச்சல். யாரோ ஒருவர், அப்படியானால் ஒகுரி வீட்டிலிருந்து வரவில்லையா என்று கேட்டார். கிசு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அந்தம்மா பூட்டிட்டுப் போய் ரெண்டு வருஷமாகப் போகுது. என் வீட்டுச் சாமி அறைல இருக்கறது என்ன, ரயிலேறி சப்போரோ போய்ட்டுத் திரும்பி வந்துச்சா?”

சந்து விஷயத்தை மகிஷிமாவிடம் சொன்னேன். உட்கார்ந்திருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். செப்டம்பர் ஒன்பதாம் தேதி. என் குளியலறை ஜன்னலை எத்தனை பேர் பார்த்தாலும் சரி.

சிசுரு


சப்போரோ
ஆகஸ்ட் 27

சிசுரு,

சாவியை அஞ்சலில் அனுப்புவதற்கில்லை. வழியில் தொலைந்தால் என்ன செய்வது? நானே கொண்டு வருகிறேன். ஏழாம் தேதி வருவேன்.

என்னை அழைக்க ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பகலில், எல்லாரும் பார்க்கும்படி நடந்து வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

மருமகளிடம் சொன்ன அன்றைக்கே பயணச்சீட்டு வாங்கிவந்துவிட்டாள். அவள் எதையும் இவ்வளவு வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் செய்தாளா, அக்கறையில் செய்தாளா என்று கேட்கவில்லை. இரண்டும் இருக்கும்.

மூன்று நாள் யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது என்று கிசுவிடம் இப்போதே சொல்லிவை. அவர் கேட்க மாட்டார். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சுமியே


நகோயா
அக்டோபர் 29

சுமியே அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெண் குழந்தை. மூன்று வாரம் முந்திக்கொண்டுவிட்டாள், அவசரக்காரி, என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். இருவரும் சுகம். அக்டோபர் நடுவில் மிஹோவைக் கூட்டி வரப் பெட்டி கட்டியிருந்தேனே, மாமியார் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லப் பொறுத்தேனே, அந்த ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. என் வீட்டுப் பாயில் பிறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். குழந்தையைக் கையில் கொடுத்தார்கள், மறந்துவிட்டேன்.

மாமியார் நான் நினைத்த மாதிரி இல்லை. நல்ல மனுஷி. என்னைவிட நன்றாகக் குளிப்பாட்டுகிறார், அதுதான் எரிச்சல். பிரசவத்துக்குப் பிறகான அந்த ஒரு மாதமும் இங்கேயே இருக்கட்டும் என்கிறார்.

நீங்கள் தெரு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று நாள் காவல் காத்ததையும், விடியற்காலையில் வாளியோடு வந்த கிசுவிடம், “தலைவரே, உங்க சுறுசுறுப்பைப் பாக்கவே ஆசையா இருக்கு” என்று சொன்னதையும் மிஹோவிடம் சொன்னேன். தையல் வலிக்கிறது, நிறுத்து என்று கெஞ்சும் அளவுக்குச் சிரித்தாள். சந்தில் அந்தப் பழைய ஓடுகளைப் புரட்டியதும் ராணிகள் கொத்துக் கொத்தாக ஓடியதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பிறகு, “இப்போ எறும்பு இல்லையாம்மா? நெசமாச் சொல்லு” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. நம் தெருவே அப்படிச் சொல்லித்தானே கெட்டது. அதனால் அக்காவை எழுதச் சொல்கிறேன், அவர் எழுதுவதைப் படித்துக் காட்டுகிறேன் என்றேன். என் வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறது. பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

சிசுரு


ஃபுஷிமி
நவம்பர் 4

சிசுரு,

மிஹோவும் கேட்கப்போகிறாள் என்பதால் எதையும் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

வாய்க்காலோரம் இன்னும் இருக்கிறது. மூலை வீட்டில் தொட்டிச் செடிகளுக்கு அடியில் இருக்கிறது. வசந்தத்தில் மறுபடி எல்லாரும் மருந்து வைக்க வேண்டும், அதற்கடுத்த வருஷமும் வைக்க வேண்டியிருக்கலாம் என்று மகிஷிமா சொல்கிறார். அடியோடு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

உன் வீட்டில் மிஹோவின் அறையில், பாய் விரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தட்டில் சர்க்கரைத் தண்ணீரை வைத்துவிட்டு தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து அந்தச் சின்னப் பழுப்பு எறும்பு ஒன்றுகூட வரவில்லை. சமையலறையிலும் இல்லை. சந்தில் மகிஷிமா போன வாரமும் இறங்கிப் பார்த்தார், காலியாக இருக்கிறது.

நேற்று ஒரு எறும்பு வந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை. தட்டோரத்தில் தனியாக, அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். கறுப்பு, நல்ல பருமன். வீட்டு முற்றத்தில் நாம் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போன பழைய எறும்பு, சிசுரு. இந்த வெளியூர்க் கூட்டம் வந்த பிறகு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இந்தக் கூட்டம் தான் இருக்கிற இடத்தில் அதை வாழ விடாதாம். அது வந்திருக்கிறது என்றால் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு எறும்பைப் பார்த்து அழுத கிழவியைப் பற்றி யாரிடமும் சொல்லாதே.

அதைக் காகிதத்தில் ஏந்தி என் கொல்லையில் விட்டுவிட்டேன்.

இதுதான் நிலைமை. வருவதும் வராததும் மிஹோவின் இஷ்டம்.

சுமியே


நகோயா
நவம்பர் 8

அக்கா,

படித்துக் காட்டினேன். வாய்க்காலோரம், மூலை வீடு எதையும் விடவில்லை. மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். கறுப்பு எறும்பு வந்த இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது, அவரே வாங்கி மிச்சத்தைப் படித்தார்.

படித்து முடித்துவிட்டு, “இவ்வளவு குறையைச் சொல்றவங்க மிச்சத்தைப் பொய் சொல்ல மாட்டாங்க” என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் மறுக்கவில்லை.

மிஹோ மட்டும் ஒன்று கேட்டாள். “மருந்து வைக்க வந்தவங்கதானே ஒகுரி அம்மா. அவங்க சப்போரோ திரும்பிட்டா, அந்தச் சந்தை யாரு பாப்பாங்க?”

நீங்கள் எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று நான் இதுவரை கேட்கவே இல்லை. கேட்டால் போய்விடுவீர்களோ என்று பயம். வெளிப்படையாகப் பேசுகிறவள் என்று பெயர் எனக்கு. இப்போது கேட்கிறேன். அவளிடம் என்ன சொல்லட்டும்?

சிசுரு


ஃபுஷிமி
நவம்பர் 11

சிசுரு,

என் கம்பளிகளை எல்லாம் மூட்டை கட்டி அனுப்பச் சொல்லி சப்போரோவுக்குப் போன் செய்துவிட்டேன். அந்த ஊர்க் கம்பளி, இந்த ஊர்க் குளிருக்கு அதிகம்தான். பாதியை வெட்டிக் குழந்தைக்குப் போர்வை தைக்கலாம் என்றிருக்கிறேன். நீளம் எவ்வளவு என்று மிஹோவைக் கேட்டு எழுது.

சுமியே